எந்திரங்களின் மணியும் எந்திரங்களின் நாடியும்



திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் செல்லும் சாலையில் பேருந்தில் போயிருக்கிறீர்களா? இரு பக்கமும் நூற்பாலைகள். இரவு இரண்டு மணிக்குப் போனாலும் விளக்குகள் எரியும். உள்ளே பஞ்சு நூலாகிக் கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஓர் ஆலையில் என் பழைய மாணவர் ஒருவர் ஷிப்டு பொறியாளராக வேலை பார்க்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். "சார், இதில் ஒரு ஆளோட வேலை இருக்கு. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

தாளில் மூன்று வரிகள்தாம் இருந்தன. அவற்றைப் புரிந்து கொள்ள, முதலில் நடந்ததைத் தெரிந்து கொள்ளுங்கள்.

நூற்பாலையில் பஞ்சுப் பொதிகளைப் பிரித்துச் சுத்தம் செய்யும் முதல் பகுதிக்கு ப்ளோரூம் என்று பெயர். பஞ்சை ஒரு பெரிய விசிறி காற்றோடு சேர்த்துத் தகரக் குழாய்கள் வழியே இழுத்துச் செல்லும். பஞ்சோடு ஓர் ஆணியோ கல்லோ வந்து இரும்பில் உரசினால் பொறி பறக்கும். ஆகவே குழாயில் பொறியைக் கண்டவுடன் மணியடிக்கும் கருவி ஒன்று இருக்கும். அன்றிரவு பொறி பறந்தது; பஞ்சு தீப்பிடித்தது; ஒரு குழாயும் கொஞ்சம் பஞ்சும் கருகின. யாருக்கும் காயமில்லை. பணியில் இருந்த தொழிலாளி, "மணி அடித்தது, ஓடிப்போய் விசிறியை நிறுத்தினேன்" என்றார். செய்ய வேண்டியதும் அதுதான். விசிறி ஓடினால் தீக்குக் காற்று கிடைத்துக் கொண்டே இருக்கும் அல்லவா?

ஆனால் கருவிகள் வேறு கதை சொல்லின. பொறி காணும் கருவியின் பதிவில், மணி அடித்த நேரம் 2 மணி 17 நிமிடம் 40 வினாடி. விசிறியின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பதிவில், விசிறி நின்ற நேரம் 2 மணி 13 நிமிடம் 5 வினாடி. அதாவது மணி அடிப்பதற்கு நாலரை நிமிடத்துக்கு முன்பே! அலுவலக அறையில் இருந்த கணினித் திரையோ, 2 மணி 40 நிமிடம் வரை விசிறி ஓடிக் கொண்டிருந்ததாகப் பச்சை விளக்குக் காட்டியது.

தொழிலாளிக்கு மெமோ கொடுத்து விட்டார்கள். காரணமில்லாமல் விசிறியை முன்கூட்டியே நிறுத்தியதால் பஞ்சு குழாயில் அடைத்துச் சூடாகித் தீப்பிடித்தது என்பது ஒரு குற்றச்சாட்டு. தீப்பிடித்த பின்னும் விசிறியை நிறுத்தவேயில்லை என்பது இன்னொன்று. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்பதை மெமோ எழுதியவர் கவனிக்கவில்லை போலும். "அந்த அண்ணன் பொய் சொல்ற ஆளில்லை சார். ஆனா மெஷின் எப்படிப் பொய் சொல்லும்னு கேக்குறாங்க" என்றார் என் மாணவர்.

எந்திரம் வேண்டுமென்று பொய் சொல்லாது. ஆனால் தவறான மணியைப் பார்த்துச் சொல்லும். பழைய செய்தியைப் புதியது போலவும் சொல்லும். இவை இரண்டும் எப்படி நேர்கின்றன, எப்படித் தடுக்கிறார்கள் என்று பார்ப்போம்.

கல் துடிக்கும் கடிகாரம்

முதலில் மணி. விசிறிப் பெட்டிக்குள் இருந்தது ஒரு சிறு கணினி. தொழிற்சாலைகளில் இதைப் பி.எல்.சி. என்பார்கள். அதற்குள் ஒரு கடிகாரம், உங்கள் கைக்கடிகாரத்தில் உள்ள அதே வகை. அதன் இதயம், இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் அது வளையும். அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றுவதை 1880-ல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டறிந்தார்கள். இந்த இசைக்கவை வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் ஏன்? 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள், 32,768 வரும். ஆகவே அதிர்வெண்ணைப் பாதி பாதியாக 15 முறை குறைத்தால் சரியாக வினாடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். பாதியாக்குவது மின்னணுச் சுற்றுகளுக்கு மிக எளிய வேலை.

இந்தப் படிகத்துக்கு ஒரு பலவீனம். 25 டிகிரி செல்ஷியஸ் அளவில்தான் அது சரியாக அதிரும். வெப்பநிலை அதற்கு மேலே போனாலும் மெதுவாகும், கீழே போனாலும் மெதுவாகும். எவ்வளவு? வெப்பநிலை வித்தியாசத்தை வர்க்கம் செய்து, சுமார் 0.034-ஆல் பெருக்கினால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு மெதுவாகிறது என்று கிடைக்கும். ஒரு நாளில் 86,400 வினாடிகள். ஆகவே பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது நாளொன்றுக்கு 0.0864 வினாடி. கைக்கடிகாரம் கையில் கட்டியிருக்கும்போது நன்றாக மணி காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் உடம்பு அதை ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கிறது.

என் மாணவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். விசிறிப் பெட்டி எங்கே இருக்கிறது? மோட்டாருக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே. உள்ளே சராசரி 43 டிகிரி இருக்கும் என்றார். கடைசியாக அதன் மணியை எப்போது திருத்தினீர்கள்? பெட்டியைப் பொருத்திய நாளில். அதற்குப் பிறகு தொடவில்லை. நாட்களை எண்ணினோம், 310.

இப்போது நீங்களே கணக்கிடுங்கள். 43-இல் 25 போக 18. அதன் வர்க்கம் 324. அதை 0.034-ஆல் பெருக்கினால் 11. நாளொன்றுக்கு 0.95 வினாடி. 310 நாட்களில் 295 வினாடி, அதாவது 4 நிமிடம் 55 வினாடி.

மறுநாள் அவர் ஆலைக்குப் போய், விசிறிப் பெட்டியின் மணியையும் பொறிக் கருவியின் மணியையும் தம் கைப்பேசியோடு ஒப்பிட்டார். பொறிக் கருவி ஒரு வினாடிக்குள் சரியாக இருந்தது. அது ஆலையின் கணினி வலையோடு இணைக்கப்பட்டு, தினமும் மணி திருத்தப்படுவது. விசிறிப் பெட்டி 4 நிமிடம் 55 வினாடி பின்தங்கி இருந்தது. என் கணக்கு இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். படிகங்களில் தயாரிப்பின்போதே சிறு பிழைகள் இருக்கும். ஆனால் கைப்பேசியோடு ஒப்பிட்டது அதிர்ஷ்டமல்ல, அளவீடு. 2 மணி 13 நிமிடம் 5 வினாடியோடு 4 நிமிடம் 55 வினாடியைக் கூட்டுங்கள். 2 மணி 18 நிமிடம். மணி அடித்து 20 வினாடியில் விசிறி நின்றிருக்கிறது. தொழிலாளி சொன்னது அதுதான்.

நாலு மணி வழக்கம்

தனித்தனிக் கடிகாரங்கள் தனித்தனியே விலகும் என்பது புதிய செய்தியன்று. இரயில்வேக்காரர்களுக்கு இது நூறாண்டுகளுக்கு மேலாகத் தெரியும். திண்டுக்கல் சந்திப்பில் சூரியனை வைத்து மணி பார்த்தால், அது சென்னையைவிட 9 நிமிடம் பின்தங்கும். பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். சென்னைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே சுமார் இரண்டேகால் டிகிரி. ஊருக்கு ஊர் தனி மணி வைத்துக் கொண்டு இரயில் விடமுடியுமா? ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில்கள் சென்னை வானாய்வகத்தின் மணிப்படி ஓடின. அந்த மணி தந்திக் கம்பி வழியே ஊர்களுக்குப் போயிற்று. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்தியத் திட்ட நேரம் வந்தது.

திண்டுக்கல் சமவெளியில் நின்று மேற்கே பாருங்கள். நீலமாய்த் தெரியும் மலைத் தொடரின் மேல்தான் கொடைக்கானல் வானாய்வகம். சென்னை வானாய்வகத்தின் வானியல் வேலைகள் 1899-ல் அங்கே மாறின. பழைய ஷெல்டன் கடிகாரம் ஒன்றும் மலையேறியது. ஜான் ஷெல்டன் 18ஆம் நூற்றாண்டு இலண்டன் கடிகாரக் கலைஞர். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனால் படகுத் துறையோடு திரும்பி விடாமல் அதையும் கேட்டுப் பாருங்கள்.

இந்திய இரயில்வேயின் பொது விதிகளில் இன்றும் ஒரு விதி உண்டு. திட்ட நேரத்தை ஒவ்வொரு நாளும் 16 மணிக்கு, அதாவது மாலை 4 மணிக்கு, எல்லா முக்கிய நிலையங்களுக்கும் அறிவிக்க வேண்டும். நிலையக் கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்திக் கொள்ள வேண்டும். ஒரு வண்டி இந்த நிலையத்தை விட்ட நேரத்தை இவர் எழுதுகிறார். அடுத்த நிலையத்தை அடைந்த நேரத்தை அவர் எழுதுகிறார். ஏதாவது தவறு நடந்து விட்டால் இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் விசாரிப்பார்கள். நூற்பாலையில் இல்லாமல் போனது இந்த நாலு மணி வழக்கந்தான்.

போக வர எவ்வளவு நேரம்?

எந்திரங்கள் ஒன்றையொன்று மணி கேட்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. "இப்போது மணி 10" என்று நான் சொல்லி அனுப்பும் செய்தி உங்களை அடைவதற்குள் மணி 10 ஆக இராதே! வழியில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். இதற்கான உபாயம் மிக அழகானது.

நீங்கள் திண்டுக்கல்லில், உங்கள் நண்பர் பழனியில். பேசுவதற்குக் கருவி எதுவும் இல்லை என்று வைத்துக் கொள்வோம். உங்கள் தம்பியிடம் ஒரு சீட்டில் '10 மணி' என்று எழுதிக் கொடுத்துப் பழனிப் பேருந்தில் ஏற்றி விடுகிறீர்கள். நண்பர், தம்பி வந்து சேர்ந்த நேரத்தைத் தம் கடிகாரப்படி 11.40 என்று எழுதுகிறார். ஒரு டம்ளர் மோர் கொடுத்து, 12 மணிக்குப் பேருந்து ஏற்றி, அதையும் எழுதுகிறார். தம்பி உங்களிடம் திரும்பும்போது உங்கள் கடிகாரத்தில் மணி 1.20.

உங்கள் கணக்கில் தம்பி 200 நிமிடம் வெளியே இருந்தான். அதில் பழனியில் இருந்தது 20 நிமிடம். ஆகப் பயணம் 180 நிமிடம். ஒரு வழிக்கு 90. எனவே உங்கள் கடிகாரப்படி அவன் 11.30-க்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நண்பர் எழுதியது 11.40. ஆகவே அவர் கடிகாரம் உங்களுடையதைவிட 10 நிமிடம் வேகம். நண்பரின் கடிகாரம் எவ்வளவு தவறாக இருந்தாலும் இந்தக் கணக்கு கெடாது என்பதைக் கவனித்தீர்களா?

உலகெங்கும் கணினிகள் மணி திருத்திக் கொள்வது இதே நான்கு எண்களை வைத்துத்தான். இம்முறைக்கு என்.டி.பி. என்று பெயர். அமெரிக்கர் டேவிட் மில்ஸ் இதை வகுத்தார். 1985-ல் முதல் விவரக்குறிப்பு வெளிவந்தது. உங்கள் வீட்டுக் கணினியும் இப்படித்தான் மணி பார்த்துக் கொள்கிறது.

ஆனால் ஓரிடத்தில் ஏமாந்து போகலாம். போகும் வழியும் வரும் வழியும் சமநேரம் என்று எண்ணிக் கொண்டோமே, அது உண்மையா? தம்பி போகும்போது ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் லாரிகளுக்கு நடுவே பேருந்து 20 நிமிடம் மாட்டிக் கொண்டது என்றால்? போக 100 நிமிடம், வர 80 நிமிடம். அப்போது அவன் 11.40-க்கே சேர்ந்தான், நண்பரின் கடிகாரத்தில் பிழையே இல்லை! நாம்தான் 10 நிமிடம் தவறு கண்டுபிடித்தோம். போக்கிலும் வரவிலும் உள்ள வித்தியாசத்தில் சரிபாதி நம் விடையில் பிழையாக வந்து ஒட்டிக் கொள்ளும்.

கணினி வலையிலும் சந்தைகள் உண்டு. பல கம்பிகள் கூடும் இணைப்புப் பெட்டிகளில் செய்திகள் வரிசையில் நிற்கும். அதனால் என்.டி.பி. முறை வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்கே துல்லியம் தரும். நூற்பாலைக்கு அது தாராளம். இன்னும் துல்லியம் வேண்டிய இடங்களுக்குப் பி.டி.பி. என்ற முறையை 2002-ல் கொண்டு வந்தார்கள். அதில் வழியிலுள்ள இணைப்புப் பெட்டியே, "இந்தச் செய்தி என்னிடம் இவ்வளவு நேரம் நின்றது" என்று செய்தியோடு சேர்த்து எழுதி விடும். பேருந்து நடத்துநர், "ஒட்டன்சத்திரத்தில் 20 நிமிடம் நின்றது" என்று தம்பியின் சீட்டில் எழுதிக் கொடுத்தால் எப்படி? அப்படி. இதனால் வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையில், அதாவது ஒரு மைக்ரோ வினாடிக்குள், கடிகாரங்களைச் சேர்க்க முடிகிறது.

கடிகாரம் தவறு என்று தெரிந்தவுடன் படக்கென்று பின்னால் திருப்பி விடலாமா? கூடாது. முள்ளை 5 நிமிடம் பின்னுக்கு இழுத்தால் அந்த 5 நிமிடமும் பதிவேட்டில் இரண்டு முறை வரும். எது முதலில் நடந்தது என்ற குழப்பம் மறுபடியும் வரும். சிறு பிழைகளுக்குக் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட விட்டுச் சரியான மணி வந்து சேரக் காத்திருப்பார்கள்.

ஒரு மைக்ரோ வினாடிக்கு என்ன விலை?

அவ்வளவு துல்லியம் யாருக்கு வேண்டும்? உயர் அழுத்த மின்கம்பி வழிகளைப் பாருங்கள். 100 கிலோமீட்டர் நீளமுள்ள வழியில் எங்கோ ஓரிடத்தில் மின்னல் தாக்கிப் பழுது ஏற்படுகிறது. அங்கிருந்து இரு பக்கமும் மின் அலை கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில், மைக்ரோ வினாடிக்கு 300 மீட்டர் வீதம், ஓடுகிறது. இரு முனைகளிலும் அலை வந்த நேரத்தைக் குறித்தால், அந்த நேர வித்தியாசத்திலிருந்து பழுது எங்கே என்று சொல்லி விடலாம். இரு முனைக் கடிகாரங்களுக்குள் ஒரு மைக்ரோ வினாடி பிழை இருந்தால் விடையில் 150 மீட்டர் பிழை; ஒரு கோபுரத்துக்கு அடுத்த கோபுரத்தைப் பார்த்தால் போதும். ஒரு மில்லி வினாடி பிழை இருந்தால்? 150 கிலோமீட்டர். வழியே அவ்வளவு நீளமில்லை! மழையில் நனைந்து கொண்டு மின் ஊழியர் எந்தக் காட்டில் போய்த் தேடுவார்?

மின் நிலையங்களின் கூரையில் ஒரு சிறு குமிழ் போன்ற ஏரியல் இருப்பது இதற்காகத்தான். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் உள்ளன. அங்கிருந்து மணி நேரே வந்து விடுகிறது. சந்தை நெரிசல் கிடையாது. அந்தக் கடிகாரங்களுக்கும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கைப்படி அவை தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும். அதை முன்னரே கழித்து அமைத்திருக்கிறார்கள்.

இன்னொரு தேவை இதைவிடப் பெரியது. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி, 360 டிகிரி. ஆக ஒரு மில்லி வினாடி என்பது 18 டிகிரி. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் வழி இணைந்த நாளிலிருந்து நம் தென்னக மின்வலையும் வடக்கும் ஒரே துடிப்பில் ஓடுகின்றன. தூரத்து ஊர்களின் மின்னழுத்தத்துக்கு இடையே எத்தனை டிகிரி விலகல் இருக்கிறது என்பது, வலை எவ்வளவு இழுபறியில் இருக்கிறது என்பதைக் காட்டும் அளவுகோல். இரண்டு ஊர்க் கடிகாரங்களும் ஒரு மில்லி வினாடி பிசகினால் 18 டிகிரி பொய்யாகத் தெரியும். அந்த அளவுகோலால் பயனே இராது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்வலை சாய்ந்து, இரண்டாம் நாளில் அறுபது கோடிக்கு மேற்பட்டோர் வாழும் பகுதி இருண்டது. விசாரித்த குழு, ஒத்திசைந்த கடிகாரங்களோடு கோணம் அளக்கும் கருவிகளை நாடெங்கும் பரவலாக வைக்க வேண்டும் என்றது. மின் நிலையங்களுக்கிடையே நம்பகமான தொடர்பு வேண்டும் என்றும் சொன்னது.

நலம், நலமறிய ஆவல்

தொடர்பு என்றதும் நம் மூன்றாவது வரிக்கு வருகிறோம். கணினித் திரை 2 மணி 40 வரை பச்சை காட்டியதே, அது ஏன்?

விசிறிப் பெட்டிக்கும் அலுவலகத்துக்கும் இடையே இருந்த கம்பி முந்தைய நாள் மாலையிலேயே இணைப்பில் கழன்று போயிருந்தது. கடைசியாக வந்த செய்தி "விசிறி ஓடுகிறது". அதன் பிறகு செய்தியே வரவில்லை. திரை தனக்குத் தெரிந்ததைக் காட்டிக் கொண்டிருந்தது. 2 மணி 40-க்கு யாரோ கணினியை நிறுத்தினார்கள். அதனால்தான் பச்சை மறைந்தது. வானத்தில் ஒரு விண்மீனைப் பார்க்கிறீர்கள். நீங்கள் காண்பது பல ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி. அது இன்றைக்கும் இருக்கிறதா என்று அந்த ஒளி சொல்லாது. திரையும் அப்படித்தான்.

இதில் பெரிய பாடம் படித்தது அமெரிக்காவின் ஒகாயோ மாநிலம். 2003 ஆகஸ்டு 14 பிற்பகல் 2 மணி 14 நிமிடத்துக்குப் பிறகு, அங்கே ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை தரும் கணினி நிரல் நின்று போயிற்று. நின்று போனதாக அது யாருக்கும் சொல்லவில்லை. 3 மணி 5-லிருந்து உயர் அழுத்த வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எச்சரிக்கை வரவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று அறையில் இருந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நினைத்துக் கொண்டிருந்தார்கள். 4 மணி 13-க்குள் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. பின்னர் விசாரணைக்காரர்கள் எது முதலில் விழுந்தது என்று வரிசைப்படுத்த முயன்றபோது, பதிவுக் கருவிகள் பலவற்றின் கடிகாரங்கள் ஒத்துப் போகவில்லை. அவற்றை ஒத்துப் பார்த்துச் சேர்ப்பதே பெரும் வேலையாயிற்று. ஒத்திசைந்த கடிகாரமுள்ள பதிவுக் கருவிகள் கட்டாயம் வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரைகளில் ஒன்று. வேடசந்தூர் சாலையில் நடந்ததும் இதுவும் ஒரே கதை, அளவுதான் வேறு.

செய்தி இல்லாமையை எப்படிச் செய்தியாக்குவது? உங்கள் தெருவில் இரவுக் காவலர் மணிக்கொரு முறை விளக்குக் கம்பத்தைத் தடியால் தட்டிவிட்டுப் போவாரே, அவரிடம் கேளுங்கள். ஓசை கேட்டால் புரண்டு படுக்கிறீர்கள். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காவிட்டால்தான் எழுந்து பார்க்கிறீர்கள். கருவிகளும் அப்படியே சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், குறித்த இடைவெளியில் ஒரு சிறு செய்தி அனுப்பிக் கொண்டே இருக்க வேண்டும். உங்கள் பாட்டி காலத்து அஞ்சலட்டையில் 'நலம், நலமறிய ஆவல்' என்று முதல் வரி இருக்குமே, அதைப் போல. பொறியாளர்கள் இதை நாடித்துடிப்பு என்கிறார்கள். உதாரணமாக வினாடிக்கு ஒரு துடிப்பு. தொடர்ந்து மூன்று தவறினால் தொடர்பு அறுந்தது என்று கொள்ளலாம். ஒன்று தவறியதுமே அலறினால், நாளுக்கு நூறு பொய் எச்சரிக்கை வந்து கடைசியில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். மிகவும் பொறுத்தாலோ தீ முந்திக் கொள்ளும். எவ்வளவு பொறுப்பது என்பது எந்திரத்தைப் பொறுத்தது.

இங்கும் ஒரு பொறி இருக்கிறது. அனுப்பும் கருவியின் மூளை உறைந்து போய், அதன் வாய் மட்டும் கிளிப்பிள்ளை போல "நலம், நலம்" என்று சொல்லிக் கொண்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு துடிப்போடும் ஒரு வரிசை எண் சேர்ந்து வர வேண்டும்: 101, 102, 103 என்று. எண் நகராவிட்டால் நம்பக்கூடாது. மின் நிலையங்களில் ஐ.இ.சி. 61850 என்ற சர்வதேசத் தரத்தின்படி பேசும் கருவிகள் இதைச் செய்கின்றன. அவற்றின் அவசரச் செய்திக்குக் கூஸ் என்று பெயர். வாத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அப்படி அமைந்தன. ஏதாவது நடந்தால் அச்செய்தி படபடவென்று பல முறை வரும். பிறகு இடைவெளி கூடிக் கூடி நிதானமான துடிப்பாகும். ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும், இது எவ்வளவு நேரத்துக்குச் செல்லும் என்ற கெடுவும் இருக்கும்.

அத்தரத்தில் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு செய்தியிலும் நேரத்தோடு சேர்ந்து ஒரு சிறு குறி வருகிறது: "என் கடிகாரம் இப்போது ஒத்திசைவில் இல்லை". மணி தெரியாதபோது தெரியாது என்று சொல்லக் கருவிக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்! விசிறிப் பெட்டிக்கு அது தெரிந்திருந்தால் மெமோவே வந்திராது.

தொடர்பு அறுந்தது தெரிந்தபின் என்ன செய்வது? பழைய இரயில் கைகாட்டி மரத்தை நினைத்துப் பாருங்கள். கைகாட்டியை இழுத்து 'வரலாம்' என்று காட்டுவது ஒரு நீண்ட கம்பி. கம்பி அறுந்தால் எடைக்கல் கீழிறங்கி, கை தானாகவே கிடையாக வந்து 'நில்' என்று காட்டி விடும். மின்னணு எதுவும் இல்லாத காலத்தில் வெறும் புவியீர்ப்பை வைத்துச் செய்த ஏற்பாடு. இன்றைய கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் துடிப்பு நின்றால் எந்திரம் ஆபத்தில்லாத நிலைக்குப் போகும்படி முன்னரே எழுதி வைப்பார்கள். திரையில் பச்சையும் சிவப்பும் தவிர, 'தெரியவில்லை' என்பதற்கு மூன்றாவதாகச் சாம்பல் நிறம் வைப்பதும் உண்டு.

ஆலையில் மெமோவைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். என் மாணவர் விசிறிப் பெட்டியைக் கணினி வலையில் சேர்த்து, மணி திருத்தும் வேலையை மாலை 4 மணிக்கு வைத்தார். கணினிக்கு எந்த மணியும் ஒன்றுதான். இரயில்வேக்கு ஒரு மரியாதை என்று சிரித்தார். திரையில் சாம்பல் நிறமும் வந்து விட்டது. அந்தத் தொழிலாளியை அடுத்த பொங்கலன்று பார்த்தேன். கையில் புதுக் கடிகாரம். "எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கினேன் சார்" என்றார்.

நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். விலை மலிவான, ஒரே மாதிரியான மூன்று குவார்ட்ஸ் கடிகாரங்கள் கிடைத்தால், முதலில் மூன்றையும் ஒரு வாரம் அறையிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவற்றின் சொந்த வித்தியாசத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு சித்திரை வெயிலில் ஒன்றைத் தகரக் கூரைக்கு அடியிலும், ஒன்றை ஒரு டப்பாவில் மூடிக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டிலும், ஒன்றை அறையிலும் ஒரு வாரம் வையுங்கள். கூரைக்கு அடியில் இரவு பகல் சராசரியாக 40 டிகிரி, குளிர்ப்பெட்டியில் 5 டிகிரி, அறையில் 30 டிகிரி என்று கொண்டால், வார முடிவில் எது எத்தனை வினாடி பின்தங்கியிருக்க வேண்டும்? கணக்கைப் போட்டு வைத்துக் கொண்டு பிறகு கடிகாரங்களை எடுத்துப் பாருங்கள்.